பின்னேரக் கைக்கு ஒரு பிடி

நான் வேலையை விட்டுக் கன காலமாகிவிட்டது. இருந்தாலும் மேற்குச் சிட்னியில் பிஸ்டல் கிளப்பில் சேருகிற எங்கள் ஆட்கள் யாராவது எப்படியோ என்னைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். போன மாதம் பிடித்தவர் ஒரு கணக்காளர், நாற்பது வயது மதிக்கலாம். பென்டில் ஹில் கடையில் முருங்கைக்காய்க் கட்டும் கையுமாக நின்ற என்னை மறித்து, கைபேசியில் படங்களைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

"அங்கிள், இருக்கிற பிஸ்டலையே மொடிஃபை பண்ணுறதோ, இல்லாட்டி ஹையர் மொடல் ஒண்டை வாங்கிப் போடுறதோ? ஒரு சொல்லில சொல்லுங்கோ."

ஒரு சொல்லில் பதில் கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "கையைக் காட்டுங்கோ" என்றேன். நான் ரேகை பார்க்கப் போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, உள்ளங்கையை விரித்துப் பவ்வியமாக நீட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்குள் நின்று சொல்லக்கூடிய கதையில்லை என்பதால் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பப் பள்ளியில் படித்ததும், கொழும்பில் ரயில் பட்டறையில் பிட்டராக எண்ணெயில் ஊறியதும் எல்லோருக்கும் இருக்கிற கதைதான். எழுபதுகளின் முற்பகுதியில் நானும் மனைவி பரிமளமும் சிட்னிக்கு வந்து இறங்கினோம். அப்போது தமிழ் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணாடியைத்தான் பார்க்க வேண்டும். புல் வெட்டும் மெஷின் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் சில மாதம் தள்ளினேன். ஒரே திருகாணியை நாள் முழுக்க முடுக்குகிற வேலை. பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அந்த நேரத்தில்தான் பரமட்டாவில் ஒரு துவக்குக் கடையின், அதாவது துப்பாக்கிக் கடையின், கண்ணாடியில் "அரம் பிடிக்கத் தெரிந்தவர் தேவை" என்று எழுதி ஒட்டியிருந்ததைக் கண்டேன்.

கடைக்காரர் பெயர் மிரோ. ஐரோப்பாவில் எங்கோ பிறந்து, போருக்குப் பிறகு கப்பலேறி வந்தவர். ஐம்பது வயதைத் தாண்டிய நெடிய மனிதர். பட்டறையில் பல் வைத்தியரைப் போல வெள்ளைக் கோட்டுப் போட்டிருப்பார், அதில் ஒரு பொட்டு எண்ணெய் இருக்காது. அவருடைய ஆங்கிலமும் உடைசல், என்னுடையதும் உடைசல். இரண்டு பேருக்கும் அது வசதியாகவே இருந்தது. அவரும் கடைக்கு வந்தவர்களும் ஆங்கிலத்தில் பேசியதையெல்லாம் எனக்குக் காதில் கேட்டபடி எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படித்ததற்கான பத்திரத்தை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் தொடவேயில்லை. பழைய துவக்கொன்றையும் ஒரு திருப்புளியையும் மேசையில் வைத்தார்.

"உந்தத் திருகாணியைக் கழட்டும். கழட்டின தடம் தெரியக் கூடாது" என்றார்.

ஆணியின் பள்ளம் ஒடுக்கமாக இருந்தது, திருப்புளியின் நுனி தடிப்பு. போட்டுத் திருகினால் பள்ளத்தின் ஓரம் பிய்ந்துவிடும். நான் சாணைக்கல்லைக் கேட்டு வாங்கி, நுனியை அந்தப் பள்ளத்துக்கு ஏற்றபடி தீட்டிய பிறகுதான் ஆணியைத் தொட்டேன். மிரோ பார்த்துக்கொண்டிருந்தார். ஆணி கழன்றதும் "திங்கக்கிழமை வாரும்" என்றார். அவ்வளவுதான் நேர்முகப் பரீட்சை.

பரிமளத்துக்கு இந்த வேலை கொஞ்சமும் பிடிக்கவில்லை. "துவக்குக் கடை எண்டு ஊருக்கு எழுதிப் போடாதேங்கோ. அம்மா அழுவா" என்றாள். ஆகையால் பல வருடமாக எங்கள் ஊர்க் கணக்கில் நான் இரும்புக் கடையில் வேலை செய்தேன்.

மிரோவின் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. யார் துவக்கைக் கொண்டுவந்தாலும் வணக்கம் சொல்ல முன்னமே அவர் அதை வாங்கி, வாயை நிலத்துக்குத் திருப்பி, திறந்து, உள்ளே பார்ப்பார். பார்த்தது போதாதென்று சின்ன விரலை விட்டுத் தடவியும் பார்ப்பார். பிறகு என்னிடம் தருவார். நானும் அதையே முழுக்கச் செய்து, "காலி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு தடவை கழற்றித் துண்டு துண்டாகக் கிடந்த துவக்குக்கும் "காலி" சொல்ல வைத்தார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்குப் பிறகு நானும் அந்த விஷயத்தில் சிரித்ததில்லை.

அடுத்தது அவருடைய கண்மூடிச் சோதனை. வாடிக்கையாளர் காலிப் பிஸ்டலைப் பிடித்துக்கொண்டு சுவரில் ஒட்டிய கறுப்புப் பொட்டுக்கு எதிரே நிற்க வேண்டும். கண்ணை மூடி, கையைத் தூக்கி, மூச்சு விட்டு, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். பிஸ்டல் கைக்குப் பொருந்துமென்றால் குறி தானாகவே பொட்டில் நிற்கும். பொருந்தாவிட்டால் இடமோ வலமோ விலகி நிற்கும், அதை மணிக்கட்டைத் திருகித் திருகித்தான் நேராக்க வேண்டும். இதைப் பார்த்து முடிக்கும் வரைக்கும் மிரோ விற்பனையைப் பற்றி வாய் திறக்க மாட்டார்.

"துவக்கில பிழையோ, கையில பிழையோ, மனசில பிழையோ எண்டு முதல்ல பாப்பம்" என்பார். "மூண்டுக்கும் மருந்து வேற வேற."

திருத்த வேலையில் அவர் மன்னன். அதனால் எல்லாவற்றையும் திருத்தச் சொல்லுவார் என்று நினைத்தால் அது தவறு. ஒரு பல் வைத்தியர் இருந்தார், உண்மையான பல் வைத்தியர். சாதாரணத் தொழிற்சாலைப் பிஸ்டல் ஒன்றை வாங்கி, மாதம் ஒரு சாமானாக மாற்றிக்கொண்டே வந்தார். முதலில் குறி, பிறகு பிடி, பிறகு குழல், பிறகு விசை. ஒவ்வொன்றையும் பூட்டித் தந்த மிரோ, கழற்றிய பழைய சாமானையெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். ஒரு நாள் அவற்றை மேசையில் ஒழுங்காக அடுக்கினார்.

"டொக்டர், இஞ்சை மேசையில கிடக்கிறதுதான் நீங்கள் வாங்கின பிஸ்டல். உங்கட கையில இருக்கிறது என்னெண்டு எனக்குத் தெரியேல்லை. முதலே நல்லதொண்டை வாங்கியிருக்கலாம்."

டொக்டருக்கு முகம் சிவந்தது, பிறகு அவரே சிரித்துவிட்டார். இரண்டாவது பிஸ்டலை யோசித்து வாங்கினார்.

இனி மோரீனின் கதைக்கு வருகிறேன்.

மோரீன் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை செய்தவள். முப்பத்தைந்து வயதிருக்கும். குள்ளம், வாய் கொஞ்சம் நீளம். எங்கள் கடைக்குப் பக்கத்துக் கிளப்பில் ஆண்கள் அவளோடு போட்டிக்கு நிற்கப் பயப்படுவார்கள், அவ்வளவு நேர்த்தியாகச் சுடுவாள். படுக்கை விரிப்புகளை அழுத்துகிற மெஷினில் ஒரு நாள் அவளுடைய வலக்கை மாட்டுப்பட்டது. சுட்டுவிரல் நடுக்கணுவோடு போய்விட்டது. விசையை இழுக்கிற விரல்.

காயம் ஆறியதும் அவள் நடுவிரலால் இழுத்துச் சுடப் பழகினாள். ஆனால் பிஸ்டலின் பிடி ஐந்து விரலுக்குச் செய்தது. அது கைக்குள் நழுவியது. ஒரு புதன்கிழமை வெடித்த உதறலில் பிஸ்டல் பக்கவாட்டாகத் திரும்பிவிட்டது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கிளப்பின் தலைவர் ஹார்ட்லி அந்த இடத்திலேயே அவளை நிறுத்தினார். வசந்தம் முடியுமுன் கமிட்டிக்கு முன்னால் பத்திரமாகச் சுட்டுக்காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அங்கத்துவம் இல்லை என்று முடிவாயிற்று. அதுவரை யாராவது பின்னால் நின்று பார்த்தால் மட்டும் சுட்டுப் பழகலாம். அங்கத்துவம் இல்லையென்றால் லைசென்சும் இல்லை, பிஸ்டலையும் ஒப்படைக்க வேண்டும். ஹார்ட்லியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சுடுகளத்தில் ஒருவர் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

மோரீன் கடைக்கு வந்தது பிஸ்டல் வாங்க. எங்கள் கண்ணாடி அலுமாரியில் ஐரோப்பாவில் செய்த உயர்ரகப் பிஸ்டல் ஒன்று இருந்தது. உள்ளங்கையின் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி செதுக்கிய பிடி, வெண்ணெயில் கத்தி போவது போன்ற விசை. அதைத் துடைக்கிற நாளில் மிரோவின் முகமே வேறு மாதிரி இருக்கும்.

"அதை எடுங்கோ" என்றாள். "விரலுக்கு ஆஸ்பத்திரிக்காரர் தந்த காசு இருக்கு. விரலுக்கே போகட்டும்."

"இந்தக் கையால வேற ஏதும் விளையாடலாமே" என்று நான் வாய்க்கொழுப்பில் கேட்டுவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் ஞாபகம். "கிழமை முழுக்க மற்றவையின்ர அழுக்கு வெளுக்கிறன். புதன்கிழமை ரெண்டு மணித்தியாலம்தான் நான் கெட்டிக்காரி. விரலை மெஷின் எடுத்திட்டுது. புதன்கிழமையையும் எடுக்க விடமாட்டன்."

நான் அலுமாரிச் சாவியை எடுத்து மிரோவிடம் நீட்டினேன்.

மிரோ அலுமாரியைத் திறந்து பிஸ்டலை எடுத்தார். அவரும் நானும் காலி சொன்னோம். மோரீன் கண்ணை மூடிக் கையைத் தூக்கினாள். திறந்தபோது குறி கூரைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று தரம் செய்தாள், மூன்று தரமும் அப்படித்தான்.

"இது அருமையான சாமான்" என்றார் மிரோ. "ஆனா உங்கட கையை இதுக்குத் தெரியாது."

"அப்ப இதுக்கு வேற பிடி செய்து தாங்கோ."

மிரோ தன் கையையே வைத்து விளக்கினார். நடுவிரல் விசைக்கு வர வேண்டுமென்றால் முழுக் கையும் ஒரு விரல் அளவு மேலே ஏற வேண்டும். உயர்ரகப் பிஸ்டலில் கை குழலை அண்டி இருக்க வேண்டும் என்றே எல்லாவற்றையும் நெருக்கிச் செய்திருந்தார்கள். அதற்கு மேலே ஏற இடமில்லை. அவளுடைய பழைய தொழிற்சாலைப் பிஸ்டலோ எவருக்கும் சரியாகப் பொருந்தாமல், எவருக்கும் ஓரளவு பொருந்துமாறு செய்தது. தடிப்பாக, நேராக, அழகில்லாமல் இருக்கும். அதில் கை ஏற இடம் இருந்தது.

"உங்கட பழசில எனக்கு வேலை செய்ய இடம் கிடக்கு. இதில எல்லாத்தையும் வேற ஒருத்தர் செய்து முடிச்சிட்டார்" என்று சொல்லி அலுமாரியைப் பூட்டினார். அந்த மாதம் கடையில் விற்றிருக்கக்கூடிய ஆகப் பெரிய சாமான் அதுதான். வாங்க வந்தவளைத் திருப்பி அனுப்புகிற கடைக்காரரை நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்த மனிதரிடம் வேலை செய்கிறேன் என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் அவளைக் கதிரையில் இருத்தி, பிள்ளைகள் விளையாடுகிற களிமண்ணைப் பிடியில் அப்பி, பிடிக்கச் சொன்னோம். அந்த அச்சைப் பார்த்து நான் வால்நட் மரத்தில் பிடி செதுக்கினேன். இரும்பு வேலை மிரோவுடையது. விசையை நடுவிரலுக்கு எட்டும்படி வைத்தார், அதை இழுக்க வேண்டிய கனத்தை மட்டும் ஒரு துளியும் குறைக்கவில்லை. இலகுவாக்கித் தரலாமே என்று கேட்டேன்.

"பயந்த கைக்கு இளகின விசை எதிரி. அவ இழுக்கேக்கை மட்டும்தான் அது வெடிக்க வேணும்" என்றார்.

மரத்துக்கு எண்ணெய் பூசி, துடைத்து, மறுபடி பூசி, நான் செய்த பிடி பளபளத்தது. என் ஆயுளில் அதுவரை அவ்வளவு நல்ல வேலை செய்ததில்லை. அடுத்த சனிக்கிழமை அவள் கண்ணை மூடித் திறந்தாள். குறி கறுப்புப் பொட்டில் நின்றது. அன்றைக்கே சுடுகளத்துக்குப் போய்ச் சுட்டோம். ஓட்டைகளெல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. மோரீன் இலக்கு அட்டையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு காருக்குப் போனாள்.

புதன்கிழமை எல்லாம் கெட்டது. அட்டை முழுக்கச் சிதறல். ஹார்ட்லி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் தங்கம், அதற்கடுத்த புதன்கிழமை மறுபடியும் தகரம். கமிட்டி கூடுவதும் புதன்கிழமை பின்னேரம், வேலை முடிந்த பிறகு. சனிக்கிழமைச் சுடுகையை அவர்கள் பார்க்கப் போவதில்லை.

அவள் பிஸ்டலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "கை விறைக்குது. பிடி கடிக்குது. அலுமாரியில கிடக்கிறதைத் தாங்கோ, நான் முட்டாளெண்டாலும் பரவாயில்லை."

மிரோ எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். குறியில் பிழையில்லை, விசையில் பிழையில்லை, என் மரத்தில் ஒரு வெடிப்பும் இல்லை. கண்மூடிச் சோதனை செய்யச் சொன்னார். அதுவும் சனிக்கிழமை காலைதான், குறி ஆணியடித்தது போல நின்றது. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஹார்ட்லி பாக்கிறதால மனசு பதறுதோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"என்ர மனசில பிழை இல்லை மிரோ" என்றாள் அவள். "கெதியாக் கண்டுபிடியுங்கோ. எனக்கு இன்னும் ரெண்டு புதன்கிழமைதான் கிடக்கு."

அந்த நாட்களில் பரிமளம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பொதி கட்டுகிற வேலை செய்தாள். அங்கே கையில் காப்பு, மோதிரம் ஒன்றும் போடக் கூடாது. அவளோ வெறுங்கையோடு வீட்டை விட்டு இறங்கமாட்டாள். காலையில் காப்போடு ரயிலேறிப் போய், உடுப்பு மாற்றுகிற அறையில் கழற்றி வைத்து, வேலை முடிய மறுபடி போட்டுக்கொண்டு வருவாள். அந்தக் கிழமை ஒரு நாள் அவள் வெறுங்கையோடு வந்து, குசினியில் தண்ணீர்க் குழாயடியில் சவர்க்காரத்தைப் பூசிக்கொண்டு காப்போடு மல்லுக்கட்டினாள்.

"என்ன, காப்புச் சுருங்கிப் போச்சோ?" என்று பகிடி விட்டேன்.

"உங்களுக்குப் பகிடி. காலமை வழுக்கிக்கொண்டு கழறின காப்பு பின்னேரம் ஏறாது. எந்த நாளும் உதுதான் பாடு. முழு நாளும் நிண்டு கை வீங்கிக் கிடக்கு. ரயிலுக்க வெறுங்கையோட நிக்க வெக்கமாக் கிடந்தது."

நான் அவளுடைய கையைப் பிடித்துப் பார்த்தேன். அவள் நான் அன்பாய்ப் பிடிக்கிறேன் என்று நினைத்துவிட்டாள் போலும், கோபம் இறங்கியது. நான் நினைத்துக்கொண்டிருந்தது மோரீனின் கையை. காலையில், ஓய்வு நாளில், கதிரையில் இருத்தி எடுத்த அச்சு. அவள் சுட வருவதோ முழு நாளும் சுடுநீரிலும் நீராவியிலும் நின்று துணி வெளுத்த பிறகு. அந்தப் பளபளத்த பிடி அவளுடைய சனிக்கிழமைக் கைக்குச் செய்தது.

அடுத்த நாள் மிரோவிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த அரத்தை வைத்தார். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கடையைப் பூட்டி, என்னையும் ஏற்றிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியின் வாசலுக்குப் போனார். வேலை விட்டுப் பெண்கள் வெளியே வருகிற நேரம். மோரீனைக் கண்டதும் நடுத்தெருவில் நிறுத்திக் கையை நீட்டச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்து உள்ளங்கையைச் சுற்றினார், ஒவ்வொரு விரலையும் சுற்றினார்.

"மோரீன், மாப்பிள்ளை மோதிரத்துக்கு அளவெடுக்கிறாரோ?" என்று ஒருத்தி கத்தினாள். எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். மிரோவுக்கு அதொன்றும் காதில் விழவில்லை.

மறுநாள் காலை, வேலைக்குப் போகிற வழியில் அவளைக் கடைக்கு வரச் சொல்லி, அதே இடங்களில் மறுபடி நூலால் அளந்தார். இரண்டு நூல்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பின்னேர நூல் நீண்டிருந்தது. கொஞ்ச வித்தியாசம்தான், ஆனால் கைக்கு அது பெரிய வித்தியாசம்.

"நாங்கள் வேற ஒருத்தியின்ர கைக்குப் பிடி செய்திருக்கிறம்" என்றார் மிரோ. பிறகு மோரீனைப் பார்த்து, "உங்கட மனசைப் பற்றிக் கதைச்சதுக்கு மன்னியுங்கோ" என்றார். ஐம்பது வயதைக் கடந்த மனிதர், அந்த ஊரிலேயே பெயர் பெற்ற கைவேலைக்காரர், ஒரு சலவைக்காரப் பெண்ணின் முன்னால் தலையைக் குனிந்து அதைச் சொன்னார். அவரைப் பற்றி என்னிடம் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது அந்த மன்னிப்பைத்தான்.

புது மரம் எடுத்துச் செதுக்க நேரமில்லை. நான் உயிரைக் கொடுத்துச் செய்த பிடியில்தான் அரத்தைப் போட வேண்டும். எனக்குக் கை வரவில்லை. மிரோ வாங்கிக்கொண்டார், முதல் இழுப்பிலேயே அந்தப் பளபளப்பு போயிற்று. பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"பாக்க வடிவாச் செய்தனீர்" என்றார் அவர், அரத்தை நிறுத்தாமல். "வடிவு அவவுக்குத் தேவையில்லை."

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் வேலை முடிந்த கையோடு மோரீன் கடைக்கு வந்தாள். கதிரையில் இருக்க விடவில்லை. நின்றபடி, கையை நீட்டியபடி, வீங்கிய கையால் பிடிக்கச் சொன்னோம். அவளுடைய உள்ளங்கையில் புகைக்கரி பூசி, பிடி கடிக்கிற இடத்தில் அது ஒட்டும்படி செய்து, கறுத்த இடத்தை மட்டும் சுரண்டினோம். மறுபடி பிடிக்கச் சொன்னோம், மறுபடி சுரண்டினோம். ஒரு நாள் அவள் களைப்பில் அழுதேவிட்டாள். மிரோ கொதிக்கிற தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு, அழுது முடியும் வரை பக்கத்தில் நின்றார். பிறகு பிஸ்டலை நீட்டினார்.

"காலமைக்கு இது தொளதொளத்துப் போகுமே?" என்று நான் கேட்டேன்.

"காலமை கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கட்டும். வழக்கு பின்னேரம்தான்."

கடைசியில் அந்தப் பிடியைப் பார்த்தால் நாய் கடித்துப் போட்ட கட்டை மாதிரி இருந்தது. மேடு பள்ளம், ஓரிடத்தில் குழி, சுட்டுவிரலின் எஞ்சிய துண்டு சாய்ந்திருக்க ஒரு சின்னத் திண்டு. எண்ணெய் பூசக்கூட நேரமிருக்கவில்லை.

குறித்த புதன்கிழமை நாங்கள் இருவரும் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டுச் சுடுகளத்துக்குப் போனோம். நல்ல வெயில் இருந்தது. கமிட்டிக்காரர் மூன்று பேர் பின்னால் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள், ஹார்ட்லி எழுந்து நின்றார். மோரீன் வேலைத்தலத்திலிருந்து நேரே வந்திருந்தாள். கை சிவந்து உப்பியிருந்தது, சவர்க்கார வாசம் அடித்தது. மிரோவின் முகம் வெளிறிப்போயிருந்தது. அப்படி நான் அவரை அதற்கு முன் கண்டதில்லை.

ஹார்ட்லி கட்டளை கொடுத்தார். அவள் ஐந்து தோட்டாக்களைப் போட்டாள். கையைத் தூக்கினாள். முதல் வெடியில் பிஸ்டல் உதறியது, திரும்பவில்லை. தூக்கிய இடத்துக்கே தானாக வந்து நின்றது. இரண்டாவதற்குப் பிறகு நான் அட்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளுடைய மணிக்கட்டை மட்டும் பார்த்தேன். அது ஒரு தரமும் முறுகவில்லை. ஐந்தும் முடிய, கமிட்டிக்காரர் கேட்டபடி மறுபடியும் ஐந்து சுட்டாள், மறுபடியும் ஐந்து. அட்டைகள் சனிக்கிழமை அட்டைகளைப் போல அவ்வளவு திறம் இல்லை. ஆனால் எல்லாம் கறுப்புக்குள் இருந்தன.

அவள் பிஸ்டலைத் திறந்து மேசையில் வைத்துப் பின்னால் விலகி நின்றாள். ஹார்ட்லி வந்து எடுத்தார். வாயை நிலத்துக்குத் திருப்பி உள்ளே பார்த்தார், காலி என்றார். வைக்கப் போனவர், அந்த அவலட்சணமான பிடியைக் கண்டு ஒரு கணம் நின்று, தன் கையில் பொருத்திப் பார்த்தார். பொருந்தவில்லை. கையை மேலே ஏற்றினார், கீழே இறக்கினார். சுட்டுவிரலுக்கு விசை எட்டவில்லை, பெருவிரலுக்கு இடமில்லை. தூக்கிப் பார்த்தார், குறி எங்கோ போயிற்று. பிஸ்டல் அவருடைய பெரிய கைக்குள் நழுவியது, அவர் மற்றக் கையால் தாங்கிக்கொண்டார். முப்பது வருடமாகச் சுடுகிற மனிதர்.

"இதை ஒருத்தராலயும் பிடிக்க ஏலாதே" என்றார். "பிடிச்சு நிக்கவே பயமாக் கிடக்கு."

"ஓம் மிஸ்டர் ஹார்ட்லி" என்றாள் மோரீன். "இவ்வளவு மாசமும் எனக்கு எல்லாத் துவக்கும் அப்பிடித்தான் இருந்தது."

ஹார்ட்லி அவளைப் பார்த்தார். பிறகு அவளுடைய கையைப் பார்த்தார். வாங்கில் இருந்தவர்களிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பிஸ்டலின் பிடியை அவள் பக்கம் திருப்பி, இரண்டு கையாலும் நீட்டினார்.

"அடுத்த புதன்கிழமை நேரத்தோட வாங்கோ" என்றார்.